ஸ்விங் வீடியோ இருக்கட்டும், ஸ்கோர் கார்டைக் காட்டுங்கள்

கோல்ஃப் பயிற்சிக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்கள் முதலில் நீட்டுவது கைபேசியைத்தான். ஸ்லோ மோஷனில் பிள்ளையின் ஸ்விங், அதாவது மட்டையைச் சுழற்றும் விதம், ஓடும். சிலர் பக்கத்திலேயே நட்சத்திர ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராயின் ஸ்விங்கையும் ஒட்டி, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் காட்டுவார்கள். "மேல போறப்ப இடது கை லேசா மடங்குது சார், அதை மட்டும் சரி பண்ணிட்டா போதும்" என்பார்கள். பதினொரு வயதுப் பையன் அருகில் நின்று தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருப்பான்.

நான் கேட்பது வேறு. கடைசியாக ஆடிய சுற்றின் ஸ்கோர் கார்டு இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. "தூக்கிப் போட்டுட்டோம் சார், அன்னிக்கு சரியா ஆடல" என்று பதில் வரும். சரியாக ஆடாத அன்றைய கார்டுதான் எனக்கு வேண்டும். பையனின் ஆட்டத்தைப் பற்றி அந்தச் சின்ன அட்டை சொல்வதில் பாதியைக்கூட அந்த வீடியோ சொல்லாது.

சென்னையில் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் யாருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். இங்கே பிள்ளைகள் ஸ்விங் கற்றுக்கொள்கிறார்கள்; கோல்ஃப் ஆடக் கற்றுக்கொள்வது குறைவு. குற்றம் அவர்களுடையதும் இல்லை. நகருக்குள் 18 குழி மைதானம் என்றால் நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்புடையது, கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்துக்குள் மெட்ராஸ் ஜிம்கானாவுடையது, அவ்வளவுதான். அதிலும் கிண்டியில் 2024-இல் பந்தய மைதானத்தின் குத்தகையை அரசு ரத்துசெய்த பிறகு நிலைமை வேறு. உறுப்பினர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மைதானத்தில் இறங்கி ஆடுவது எப்போதாவது கிடைக்கும் வாய்ப்பு. அதனால் வாரம் முழுக்க ரேஞ்ச், அதாவது பந்தடித்துப் பழகும் திடல். ஒரு பக்கெட் பந்து, செயற்கைப் புல் பாய், கையில் 7 அயர்ன் என்கிற கிளப் (மட்டை). ஒரே திசையில், ஒரே கிளப்பில், பந்து தீரும்வரை.

அந்தப் பாய் ஒரு பொய்யன். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் கிளப் விழுந்தாலும் பாயின் மேல் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும். சத்தம் நன்றாகவே கேட்கும், பந்தும் பறக்கும். அதே அடியை நவம்பர் மழைக்குப் பிந்தைய ஈரத் தரையில் அடித்தால் கிளப் மண்ணில் புதையும், பந்து பத்து யார்டு போய் நிற்கும். "ரேஞ்சுல நல்லா அடிக்கிறான், டோர்னமென்ட்டுல மட்டும் என்னமோ ஆயிடுது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு விடை இங்கேயே இருக்கிறது. மனதைப் பற்றிப் பேசுமுன் புல்லில் நாலு பந்து அடிக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

என்னிடம் ஒரு பெண் வந்தாள். பதின்மூன்று வயது. ரேஞ்சில் அவள் அடிப்பதைப் பெரியவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மைதானத்தின் பார், அதாவது நல்ல ஆட்டக்காரர் முடிக்க வேண்டிய அடிகள், 72; அவளுடைய ஸ்கோர் 108. கார்டில் மூன்று குழிகளில் எண்கள் பயங்கரமாக இருந்தன, ஒன்றில் 10. பார் 4 குழி அது. "கதையாச் சொல்லும்மா, ஒவ்வொரு அடியா" என்றேன். டீ என்கிற தொடக்க இடத்திலிருந்து அடித்த முதல் பந்து வலப்பக்க மரங்களுக்குள். இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தது. அதில் அடித்தாள், அடிமரத்தில் பட்டுத் திரும்பியது. மூன்றாவது அடியும் அதே சந்தில், அதே மரம். நான்காவதில் வெளியே வந்தாள். ஐந்தாவது பங்கர் என்கிற மணல்குழிக்குள். ஆறாவது மணலிலேயே கிடந்தது. ஏழாவதில் கிரீன், குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை. அப்புறம் மூன்று பட், அதாவது குழியை நோக்கி உருட்டும் அடி.

இந்தப் பத்தில் ஸ்விங்கின் குறை எத்தனை? முதல் அடி ஒன்றை வேண்டுமானால் சொல்லலாம். சந்தைப் பார்த்ததும் ஆசைப்படாமல் இரண்டாவது அடியிலேயே பக்கவாட்டில் ஃபேர்வே என்கிற வெட்டிய புல்வெளிக்குத் தட்டிவிட்டிருந்தால் இரண்டு மிச்சம். பங்கரில் ஒரே அடியில் வெளியேறத் தெரிந்திருந்தால் இன்னொன்று. மூன்றாவது பட் இல்லாமல் இருந்தால் மற்றொன்று. பத்து ஆறாகிவிடும், ஸ்விங்கில் ஒரு விரல்கூட மாறாமல்.

108 என்றால் பாருக்கு மேல் 36. குழிக்கு இரண்டு. அப்படியானால் அந்தப் பெண்ணின் பார் 72 இல்லை, 108. பார் 4 குழியில் அவளுடைய சொந்த பார் ஆறு. கார்டில் அச்சிட்ட எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் அந்தச் சொந்த பாரை எழுதிக்கொண்டு ஆடச் சொல்வேன். மரங்களுக்குள் நிற்கும்போது, "இங்கிருந்து அஞ்சு அடி இன்னும் கையில இருக்கு" என்று தெரிந்த பிள்ளை சந்தைத் தேடாது. ஸ்கோர் இறங்க இறங்க சுலபமான குழிகளிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வருவோம். திறமைக்கேற்ப அடிகளைச் சலுகையாகத் தரும் ஹேண்டிகேப் முறையின் அடிப்படையும் இதுதான். பிள்ளைக்கு விளங்கும்படி குழிவாரியாகப் பிரித்துக் கொடுக்கிறோம், அவ்வளவே.

'ஷார்ட் கேம்தான் (கிரீனுக்குக் கிட்டத்து அடிகள்) எல்லாம், பட்டிங்கில்தான் பணம்' என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் ஷாட் தரவுகளை எடுத்து அலசி, நல்ல தொழில்முறை ஆட்டக்காரருக்கும் சராசரி ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு வெளியிலிருந்து அடிக்கும் அடிகளில்தான் உண்டாகிறது என்று காட்டினார். உடனே இன்னொரு கூட்டம், 'தூரம்தான் எல்லாம்' என்று கிளம்பிவிட்டது. எனக்கு இந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. அது எப்போதாவதுதான் பந்தைத் தொலைக்கிறவர்களைப் பற்றிய கணக்கு. நம் ஜூனியர்களின் கார்டை எடுத்தால் ஸ்கோரைத் தின்பது வேறு ஜாதி அடிகள்: தண்ணீருக்குள் போனது, தரையோடு உருண்டது, பங்கரிலேயே கிடந்தது, புதரிலிருந்து மூன்று முறை வெட்டியது.

புதர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விதிப் புத்தகத்தின் 19-ஆவது விதியை எத்தனை ஜூனியர்களுக்குத் தெரியும்? பந்து ஆடமுடியாத இடத்தில் கிடக்கிறது என்று ஆட்டக்காரரே முடிவு செய்யலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஓர் அடி தண்டனையோடு, முன்பு அடித்த இடத்துக்கே போகலாம். குழியிலிருந்து பந்துக்கு நேர்கோடு போட்டு அந்தக் கோட்டில் பின்னால் போகலாம். அல்லது பந்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழியை நெருங்காமல், போட்டுக்கொள்ளலாம். ஓர் அடியில் முடியும் விஷயத்துக்கு நாலு அடி செலவழித்துவிட்டு அழுதுகொண்டு வரும் பிள்ளைகளை ஒவ்வொரு டோர்னமென்ட்டிலும் பார்க்கிறேன். பந்து தொலைந்திருக்கும் என்று தோன்றினால் நகருமுன் தற்காலிகப் பந்து ஒன்றை அடித்துவிட வேண்டும், தேட மூன்றே நிமிடம்தான் என்பதும் அப்படியே. ஒரு மழைநாளில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுத்தால் பல வார ரேஞ்ச் பயிற்சியைவிட வேகமாக ஸ்கோர் இறங்குகிறது. இதற்குக் கட்டணம் வாங்கவே சில சமயம் கூச்சமாக இருக்கும்.

பயிற்சியை நான் எப்படி மாற்றுகிறேன் என்றால், ரேஞ்சையே மைதானமாக்குவேன். முதல் பந்து டிரைவர், தூரமாக அடிக்கும் கிளப். அந்தக் கொடிக்கும் இந்த மரத்துக்கும் நடுவே ஃபேர்வே என்று வைத்துக்கொள். எங்கே விழுந்தது? வலப்பக்கம். அப்படியானால் உனக்கு 140 யார்டு மிச்சம், எந்தக் கிளப்? அடுத்து வெட்ஜ், கிட்டத்து அடிக்கான கிளப். அடுத்து மறுபடி டிரைவர். ஒரே கிளப்பை அடுத்தடுத்து இரண்டு முறை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று இலக்கைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். இப்படி ஆடினால் ஒரு பக்கெட் பந்து ஒரு மணி நேரத்துக்கு வரும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1978-இல் கெர், பூத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளைச் சிறு பைகளை இலக்கில் எறியவைத்தார்கள். ஒரு குழு மூன்றடித் தூரத்திலிருந்தே பழகியது. இன்னொரு குழு இரண்டடியிலிருந்தும் நாலடியிலிருந்தும் மாறிமாறிப் பழகியது. மூன்றடியைத் தொடவே இல்லை. கடைசியில் மூன்றடியில் வைத்துச் சோதித்தபோது எட்டு வயதுப் பிள்ளைகளில் மாறிமாறிப் பழகியவர்களே துல்லியமாக எறிந்தார்கள். 1986-இல் பேட்மின்டன் சர்வீஸை வைத்துச் செய்த இன்னோர் ஆய்விலும், மூன்று வகை சர்வீஸையும் கலந்து பழகியவர்கள்தான் பின்னால் வைத்த சோதனையில் மேலே வந்தார்கள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. கலந்து பழகும்போது அந்த நேரத்தில் ஆட்டம் மோசமாகத் தெரியும். ஒரே கிளப்பில் ஐம்பது பந்து அடித்தால் கடைசி இருபது அழகாகப் பறக்கும், வேலிக்கு வெளியே நிற்கும் அம்மாவுக்குச் சந்தோஷம். கிளப்பை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த அழகு வராது. "போன மாசம் நல்லா அடிச்சுட்டிருந்தான், இங்க வந்து கெட்டுப்போயிட்டான்" என்ற பேச்சு எனக்குப் பழகிவிட்டது. இப்போதெல்லாம் சேர்க்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறேன்: இரண்டு மாதம் ரேஞ்சைப் பார்க்காதீர்கள், கார்டைப் பாருங்கள்.

கிரீனிலும் அப்படித்தான். எட்டு அடித் தூரத்திலிருந்து பட் தவறினால் முகம் சுருங்கும் பிள்ளைகளிடம், உலகின் சிறந்த ஆட்டக்காரர்களே அந்தத் தூரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள் என்று சொல்வேன். நம்பமாட்டார்கள். தொலைக்காட்சியில் காட்டுவதெல்லாம் உள்ளே போகும் பட்கள்தானே. ஆகவே எட்டடியைப் போடுவதில் நேரத்தைச் செலவழிக்காமல், முப்பதடியிலிருந்து மூன்றடி வட்டத்துக்குள் கொண்டுவருவதற்கும், அந்த மூன்றடியைத் தவறாமல் போடுவதற்கும் பழக்குகிறேன். நம் பக்கத்து கிரீன்களில் இருப்பது பெரும்பாலும் பெர்முடா, அதாவது அருகம்புல் குடும்பம். புல் படிந்திருக்கும் திசையில் உருட்டினால் பந்து ஓடும், எதிர்த்திசையில் நின்றுவிடும். புல் பளபளப்பாகத் தெரிந்தால் அது நம்மைவிட்டு விலகிப் படிந்திருக்கிறது; கறுத்துத் தெரிந்தால் நம்மை நோக்கி. எட்டு வயதுப் பிள்ளை இதை ஒருமுறை கண்டுகொண்டால் அப்புறம் மறப்பதே இல்லை, எனக்கே திருப்பிச் சொல்லிக்கொடுக்கும்.

பங்கருக்குப் பெரிய வித்தை தேவையில்லை. மணலில் ஒரு கோடு கிழித்து, பந்தே வைக்காமல், அந்தக் கோட்டிலிருந்து மணலை கிரீனுக்கு எறியச் சொல்வேன். சாதாரண பங்கர் அடியில் கிளப் பந்தைத் தொடுவதில்லை, மணல்தான் பந்தைச் சுமந்துகொண்டு போகிறது. பிள்ளைகள் மணலை வாரி இறைக்க உற்சாகமாக இருப்பார்கள். கால்மணி நேரம் கழித்துக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் பந்தை வைத்தால் அதுவும் வெளியே போய்விழும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, தூரம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதில் ஓங்கி அடிக்க விட வேண்டும். பின்னால் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான ஜாக் நிக்லஸ் 1950-இல் பத்து வயதில் ஓஹையோவில் ஜாக் கிரௌட் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தபோது அவர் சொன்னது, முடிந்தவரை பலமாக அடி, நேராக அடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். ஒரே ஒரு விஷயத்தில் கறார்: தலை அசையக் கூடாது. உதவியாளரை எதிரே நிறுத்தி நிக்லஸின் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் என்பது பிரபலமான கதை. முடியைப் பிடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை, வேலிக்கு வெளியே அம்மாக்கள் நிற்கிறார்கள். ஆனால் வேகம் சிறுவயதில் சுலபமாக வருகிறது, பின்னால் வரவழைப்பது கடினம் என்ற கிரௌட்டின் கணிப்பு சரி. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லும் பயிற்சியாளர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

மறுபக்கம் நம் இந்திய ஆட்டக்காரர் அதிதி அசோக் இருக்கிறார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தூரத்தில் மற்றவர்களைவிட எவ்வளவோ பின்தங்கியிருந்தவர். அந்த வருடம் கோவிட் வந்து உடல் பலமும் குறைந்திருந்தது. நான்கு நாளும் பட்டரை வைத்தே தாக்குப்பிடித்து நான்காம் இடத்துக்கு வந்தார். பதக்கம் ஓர் அடியில் தவறியது. இந்த இரண்டு பேரையும் எதிரெதிராக நிறுத்த எனக்கு விருப்பமில்லை. எந்தப் பிள்ளைக்கு எது வாய்க்கும் என்று பத்து வயதில் தெரியாது. இரண்டு கதவையும் திறந்து வைப்பதுதான் நம் வேலை.

ஓங்கி அடிக்க விடுவதென்றால் அதற்கேற்ற கிளப் வேண்டும். மாமாவின் பழைய கிளப்பை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அறுத்தால் நீளம் குறையும், தலையின் எடை குறையாது, தண்டு முன்னைவிட விறைத்துப்போகும். பிள்ளை அதைத் தூக்கிச் சுழற்றவே உடலை வளைத்துப் பழகிவிடும், பின்னால் அந்த வளைவை நிமிர்த்தத்தான் பெற்றோர் வீடியோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். விதி அனுமதிப்பது 14 கிளப். சின்னப் பிள்ளைக்கு ஐந்தாறு போதும், உயரத்துக்கேற்ற இலேசான கிளப்பாக இருந்தால் சரி. டீயும் முன்னால் இருக்க வேண்டும். இரண்டு நல்ல அடியில் கிரீனுக்குப் பக்கத்திலாவது போக முடியாத தூரத்திலிருந்து ஆடவைத்தால் பார் 4 என்பதற்கே பொருள் இல்லை.

சரி, பயிற்சியாளர் என்ன பேசுவது? குறைவாக. ஸ்விங் ஓடும் அந்த ஒரு நொடியில் முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு என்று மூன்றை நினைக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளரின் 1999 சோதனையில், கோல்ஃப் பழகாதவர்களைப் பந்தடிக்க வைத்தபோது, கைகள் எப்படி அசைகின்றன என்று கவனித்தவர்களைவிடக் கிளப் எப்படி அசைகிறது என்று கவனித்தவர்கள் இலக்குக்கு அருகே அடித்தார்கள். அதனால் "இடுப்பைத் திருப்பு" என்பதற்குப் பதிலாக "பெல்ட் பக்கிள் அந்தக் கொடியைப் பார்க்கட்டும்" என்கிறேன். "மணிக்கட்டை மடக்காதே" என்பதற்குப் பதில் "பந்துக்கு அப்புறம் இருக்கும் புல்லையும் தேய்". ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம், அதற்கு மேல் இல்லை.

கேடி, அதாவது ஆட்டக்காரரின் பையைச் சுமப்பவர், குடும்பத்துப் பையன்கள் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பல கிளப்புகளில் திங்கட்கிழமை பராமரிப்பு நாள், அன்றுதான் கேடிகளுக்கு ஆட இடம் கிடைக்கும். அந்தப் பையன்களில் சிலரின் ஸ்விங்கை வீடியோ எடுத்தால் யாருக்கும் காட்ட முடியாது. ஆனால் கார்டு எண்பதுக்குள் இருக்கும். எந்தப் பக்கம் தப்பினால் பரவாயில்லை, எந்தப் பக்கம் தப்பவே கூடாது என்பது அவர்களுக்கு மனப்பாடம். பெரியவர்கள் எப்படியெல்லாம் பந்தைத் தொலைக்கிறார்கள் என்பதை வருஷக்கணக்கில் பையைச் சுமந்துகொண்டு பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். 1991-இல் டெல்லியில் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர் கேடியாக இருந்து வந்தவர்தான். வசதியான வீட்டுப் பிள்ளைகளை அவ்வப்போது இந்த அண்ணன்களோடு சேர்த்து ஆட அனுப்புவேன். அந்த ஒரு சுற்றில் கற்றுக்கொண்டு வருவதை நான் பேசிப் புரியவைக்க மாதங்கள் ஆகும். அந்த அண்ணன்களுக்கு டோர்னமென்ட் கட்டணமும் ரயில் செலவும் யார் தருவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. கிளப்புக்கு ஓர் உறுப்பினர் நல்ல மனதோடு தருவதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

பெற்றோருக்கு வருகிறேன். போட்டியில் கேடியைத் தவிர வேறு யாரிடமும் ஆட்டக்காரர் ஆலோசனை கேட்கக் கூடாது, கேட்டால் தண்டனை உண்டு. அதனால்தான் பல ஜூனியர் போட்டிகளில் பெற்றோரைத் தள்ளியே நிற்கச் சொல்கிறார்கள். தள்ளி நின்றாலும் தலையில் கைவைத்துக்கொள்ளும் அப்பாவை இருநூறு யார்டிலிருந்தும் பிள்ளை பார்க்கும். பெற்றோர் கூட இருப்பதே தப்பு என்று சொல்லவில்லை. ரியோ ஒலிம்பிக்கில் அதிதியின் பையைத் தூக்கியது அவருடைய அப்பா, டோக்கியோவில் அம்மா. கூட நடப்பது வேறு, ஒவ்வொரு அடிக்கும் முகத்தில் மதிப்பெண் போடுவது வேறு. ஆட்டம் முடிந்து கார் வீடு சேரும்வரை ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது, பிள்ளையாக ஆரம்பித்தால் ஒழிய. இதை மட்டும் எழுதிக் கையெழுத்தே வாங்கியிருக்கிறேன்.

சின்னப் பிள்ளைகளின் கார்டில் இன்னொரு விஷயம், எண்ணிக்கை. "அஞ்சா ஆறா?" என்று கேட்டால் ஐந்து என்றுதான் வரும். ஏமாற்றும் எண்ணமில்லை, உண்மையிலேயே மறந்திருக்கும். மணி கோத்த எண்ணும் கயிறு ஒன்றைப் பையில் கட்டிவிட்டால் தீர்ந்தது. கொஞ்சம் பெரியவர்களுக்கு 1968-இன் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியின் கதை. ராபர்ட்டோ டி விசென்சோ கடைசி நாள் 17-ஆவது குழியில் மூன்று அடித்தார், அவருடைய கார்டை எழுதியவர் நான்கு என்று எழுதிவிட்டார். சரிபார்க்காமல் டி விசென்சோ கையெழுத்துப் போட்டார். 65 அடித்த நாள் 66 ஆகி, சமநிலையை முறிக்க ஆடும் பிளே-ஆஃப் வாய்ப்பு போயே போய்விட்டது. கூட்டி எழுதியிருந்தாலோ அந்த எண் அப்படியே நிற்கும்; குறைத்து எழுதியிருந்தால் நேராக வெளியேற்றம். இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகள் கார்டை உரக்கப் படித்துச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. சில சமயம் என் கூட்டலையும் திருத்துகிறார்கள்.

மே மாதம் முடிந்தவர்கள் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஒரு வாரம் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். சென்னையில் தட்டைத் தரையில் பழகிய கால்களுக்கு, பந்து பாதத்துக்கு மேலும் கீழும் கிடக்கும் சரிவுகள் புது உலகம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். காற்று மெல்லியதாக இருப்பதால் பந்து கொஞ்சம் கூடுதலாகப் போகும், தனக்குத் திடீரென்று பலம் வந்துவிட்டதாக நினைக்கும் பையனைக் கீழே இறங்கிய பிறகு தேற்ற வேண்டியிருக்கும். கொடைக்கானலில் ஃபேர்வேயில் காட்டெருமை மேய்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை சென்னையில் மைதானம் தண்ணீரில் கிடக்கும் நாட்களில் நாங்கள் பழைய கார்டுகளை விரித்துவைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழியிலும் அவர்கள் போட்ட குறி இருக்கும்: தண்டனை அடிக்கு வட்டம், மூன்று பட்டுக்குக் கோடு, மணலில் கிடந்ததற்குப் புள்ளி, ஆசைப்பட்டு அடித்ததற்கு ஆச்சரியக்குறி. அந்த ஆச்சரியக்குறி பிள்ளைகளே கொண்டுவந்தது. அடுத்த மூன்று மாதம் எதைப் பழகுவது என்பதை அந்தக் குறிகளை எண்ணி அவர்களே முடிவு செய்கிறார்கள். வீட்டில் கம்பளத்தில் நாணயத்தை வைத்து அதன்மேல் பந்தை உருட்டுவது மட்டும்தான் நான் தரும் வீட்டுப்பாடம். ஜனவரியில் தரை காய்ந்து திரும்பி வரும்போது சிலர் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பார்கள். அன்றைக்குப் பந்தை எடுக்குமுன் ஒவ்வொருவரையும் கிளப்பைப் பிடித்து நிற்கச் சொல்லி, நீளம் இன்னும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.